டிஃப்யூஷன் எம்ஆர்ஐ: திசுவுக்குள் நீர் நகர்வதை அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஃப்யூஷன் தரவைக் கணக்குப் போட்டு வரைபடமாக்கித் தரும் வேலை என்னுடையது. மாணவர்கள், மருத்துவர்கள், புதிதாக நிரல் எழுத வருபவர்கள் என்று யார் வந்தாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன, அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பாடப்புத்தகங்களில் விரவல் அல்லது பரவல் என்று இருப்பதைத்தான் ஸ்கேன் அறையில் எல்லோரும் டிஃப்யூஷன் என்கிறார்கள். இங்கே விரவல், டிஃப்யூஷன் இரண்டும் கலந்து வரும்.

டிஃப்யூஷன் எம்ஆர்ஐ எதை அளக்குது? சாதாரண எம்ஆர்ஐயில இல்லாதது அதுல என்ன இருக்கு?

சாதாரண எம்ஆர்ஐ படத்தின் வெளிச்சம் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: திசுவில் எவ்வளவு நீர் இருக்கிறது, அந்த நீரின் ஹைட்ரஜன் கருக்கள் எவ்வளவு சீக்கிரம் தம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. டிஃப்யூஷன் படத்தில் மூன்றாவதாக ஒன்று சேர்கிறது. அந்த நீர் மூலக்கூறுகள் சில பத்து மில்லிநொடிகளுக்குள் எவ்வளவு தூரம் அலைந்தன என்பது.

அதற்காக ஸ்கேனர் இரண்டு கிரேடியன்ட் துடிப்புகளைக் கொடுக்கிறது. கிரேடியன்ட் என்றால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகப் போகக் காந்தப்புலம் சீராகக் கூடிக்கொண்டே போவது. முதல் துடிப்பு ஒவ்வொரு மூலக்கூறின் சுழற்சியையும் அது நிற்கும் இடத்துக்கு ஏற்ற அளவு திருப்பி வைக்கும். இரண்டாவது துடிப்பு அதை எதிர்ப்பக்கமாகத் திருப்பும். நடுவில் இடம் மாறாத மூலக்கூறுக்கு இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். இடம் மாறியதற்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும், அந்த மிச்சம் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு, அதனால் எல்லாவற்றையும் கூட்டும்போது சிக்னல் குறைகிறது. எவ்வளவு குறைந்தது என்பதுதான் நாம் உண்மையில் அளப்பது, மற்றதெல்லாம் அதிலிருந்து ஊகிப்பது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் குழப்பங்கள் தானாகவே தீரும். இந்த இரட்டைத் துடிப்பு முறையை ஸ்டெஸ்கல், டானர் இருவரும் 1965இல் வெளியிட்டார்கள். இன்றைய பெரும்பாலான ஸ்கேன்களும் அதன் மேல்தான் நிற்கின்றன.

தண்ணி நகருதுன்னா ரத்தம் மாதிரி ஓடுதுன்னு அர்த்தமா?

இல்லை. அசையாமல் தேங்கி நிற்கும் நீரிலும் மூலக்கூறுகள் வெப்பத்தால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு திசை தெரியாமல் அலைந்துகொண்டே இருக்கும். அந்த அலைச்சலைத்தான் சொல்கிறோம். 1905இல் ஐன்ஸ்டைன் காட்டியபடி, கடந்த தூரத்தின் வர்க்கத்தின் சராசரிதான் நேரத்தோடு நேர்விகிதத்தில் கூடும். அதாவது நாலு மடங்கு நேரம் கொடுத்தால் இரண்டு மடங்கு தூரம்தான் போகும்.

ஒரு வோக்ஸெலில், அதாவது படத்தின் மிகச் சிறிய கனசதுரத் துண்டில், உள்ள நீர் முழுவதும் ஒரே வேகத்தில் ஒரே பக்கம் போனால் என்ன ஆகும்? மேலே சொன்ன மிச்சம் எல்லா மூலக்கூறுக்கும் ஒன்றாகவே இருக்கும், சிக்னல் குறையாது, அதன் கட்டம் (phase, அதாவது சுழற்சி நிற்கும் கோணம்) மட்டும் மாறும். வழக்கமான டிஃப்யூஷன் படத்தில் கட்டத்தை நாம் வைத்துக்கொள்வதே இல்லை. அதனால் இந்தப் படத்தில் வரும் திசை ஒரு கோடு மாதிரி, அதற்கு அம்புமுனை கிடையாது. முன்னிருந்து பின்னா, பின்னிருந்து முன்னா என்று அது சொல்லாது. நரம்புச் சமிக்ஞை எந்தப் பக்கம் போகிறது என்றும் சொல்லாது.

ஒரு வோக்ஸெலே 2 மில்லிமீட்டர் இருக்கு, அதை வச்சு மைக்ரோமீட்டர் அளவு விஷயத்தை எப்படிச் சொல்ல முடியும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. படத்தின் துல்லியம் வேறு, அளவீட்டின் உணர்திறன் வேறு. உடல் வெப்பநிலையான 37 டிகிரி செல்சியஸில் தடையில்லாத நீரின் விரவல் குணகம், அதாவது நீர் எவ்வளவு தாராளமாக அலைகிறது என்பதைச் சொல்லும் எண், மில்லிநொடிக்குச் சுமார் 3 சதுர மைக்ரோமீட்டர். கீழே வரும் குணகங்களுக்கும் இதே அலகுதான். 50 மில்லிநொடி நேரம் கொடுத்தால் ஒரு திசையில் ஏறக்குறைய 17 மைக்ரோமீட்டர் அலையும். ஒரு செல்லின் அளவும் இதே ரகம்தான். ஆகவே அந்த நேரத்துக்குள் மூலக்கூறு செல் சவ்விலும் நரம்பிழைச் சுவரிலும் பலமுறை மோதித் திரும்பியிருக்கும், அந்த மோதல்களின் தடயம் சிக்னலில் பதிந்திருக்கும்.

இருட்டறைக்குள் ஆட்களை அனுப்பிவிட்டு, கொஞ்ச நேரத்தில் யார் யார் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, அறைக்குள் சுவர்கள் எப்படி இருக்கும் என்று யோசிப்பது மாதிரி. சுவரை நாம் பார்க்கவே இல்லை. அதோடு 2 மில்லிமீட்டர் வோக்ஸெலுக்குள் இப்படிப்பட்ட அறைகள் ஏராளம், நமக்குக் கிடைப்பது அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு கூட்டுத்தொகை. பலமும் பலவீனமும் இரண்டுமே இந்த இடத்தில்தான் இருக்கின்றன.

பி-மதிப்பு, பி-மதிப்புன்னு சொல்றாங்களே, அது என்ன? அதிகமா வச்சா நல்லதா?

நீர் அலைவதற்கு ஸ்கேன் எவ்வளவு கூர்மையாக எதிர்வினை காட்டும் என்பதைச் சொல்லும் ஒரே எண் பி. கிரேடியன்ட்டின் வலிமை, ஒவ்வொரு துடிப்பின் நீளம், இரண்டு துடிப்புக்கும் நடுவிலான இடைவெளி மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுவது. மூளைக்கு வழக்கமாக பி 1000 நொடி/மிமீ² வைப்பார்கள்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். பி பூஜ்யத்தில் எல்லாத் திசுவுக்கும் சிக்னல் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பி 1000இல் மூளைத் தண்டுவட நீர், அதன் குணகம் 3 என்பதால், வெறும் 5க்கு விழுந்துவிடும். 0.7 உள்ள சாதாரண மூளைத் திசு 50இல் நிற்கும். பியைக் கூட்டக் கூட்ட மெதுவாக நகரும் நீர் மட்டும் மிஞ்சும், செல்லுக்குள் அடைபட்ட நீரைப் பார்க்க அது நல்லது. ஆனால் சிக்னலும் சேர்ந்து தேய்வதால் ஒரு கட்டத்துக்கு மேல் நாம் பார்ப்பது இரைச்சல்தான். இரைச்சலுக்கு ஒரு தரைமட்டம் உண்டு, சிக்னல் அதற்குக் கீழே இறங்காது. அதை உண்மையான சிக்னல் என்று எடுத்துக்கொண்டால் விரவல் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

ஏடிசின்னா தண்ணியோட விரவல் குணகம்தானே? எதுக்குத் "தோற்ற" குணகம்னு சுத்தி வளைச்சுப் பேசணும்?

சுற்றி வளைப்பது இல்லை, ஏடிசி (apparent diffusion coefficient, தோற்ற விரவல் குணகம்) என்பது நேர்மைக்காக வைத்த பெயர். திசுவுக்குள் இருக்கும் நீரும் நீர்தான், அதன் மூலக்கூறுகள் திடீரென்று சோம்பேறி ஆகிவிடவில்லை. சுவர்களும் நெரிசலும் இருப்பதால் தொலைவு போக முடியவில்லை, அதனால் குணகம் குறைந்த மாதிரித் தோன்றுகிறது. எவ்வளவு நேரம் கொடுத்தோம், எந்த பி வைத்தோம், எந்தத் திசையில் அளந்தோம் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். எனவே ஏடிசியை எழுதும்போது பி-மதிப்புகளையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் அந்த எண்ணை வேறு யாரும் வேறு எதோடும் ஒப்பிட முடியாது.

பக்கவாதம் வந்த இடத்துல ஏடிசி ஏன் குறையுது?

ரத்தம் நின்றதும் செல்லுக்கு ஆற்றல் தீர்ந்து, சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் நின்றுபோகிறது. சோடியம் உள்ளே சேர, அதன் பின்னாலேயே நீரும் போய், செல் வீங்குகிறது. செல்களுக்கு வெளியே இருந்த இடைவெளி சுருங்கி, அங்கே அலைந்துகொண்டிருந்த நீருக்கு வழி இன்னும் குறுகிவிடுகிறது. நரம்பிழைகள் மணி கோத்த மாதிரி அங்கங்கே வீங்கி நடுநடுவே ஒடுங்குவதும் ஒரு காரணம் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. இதில் எதன் பங்கு எவ்வளவு என்பதில் இன்னமும் விவாதம் இருக்கிறது.

காரணத்தில் விவாதம் இருந்தாலும் பயனில் இல்லை. 1990இல் மோஸ்லி குழுவினர் பூனைகளில் இதைக் காட்டினார்கள்: சாதாரண டி2 படத்தில் (டி2 என்பது சிக்னல் மங்க எடுக்கும் நேரம்) எதுவும் தெரியாதபோதே டிஃப்யூஷன் படத்தில் பாதிப்புத் தெரிந்துவிட்டது. மருத்துவமனைகளில் இந்த ஸ்கேன் பரவியதற்குப் பெரிய காரணம் அதுதான். ஒன்றை மறக்க வேண்டாம், குறைந்த ஏடிசி ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் மெல்ல ஏறி இயல்பான அளவைத் தாண்டிப் போகும். நடுவில் ஒரு நாள் அது சரியாக இயல்பான எண்ணைக் காட்டும், அதைப் பார்த்துத் திசு பிழைத்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

அப்போ டிஃப்யூஷன் படத்துல வெள்ளையா இருந்தாலே புதுப் பக்கவாதம்தானே?

அவசரப்படக் கூடாது. மேலே போட்ட அதே கணக்குக்கு வாருங்கள். ஒரு பழைய புண், அதன் டி2 நீளமாக இருப்பதால் பி பூஜ்யத்திலேயே சிக்னல் 200, ஏடிசி 1.2 என்று வைப்போம். பி 1000இல் அது 60 ஆகும். சுற்றியுள்ள நல்ல திசு 50. ஆக, நீர் அதிகமாக அலையும் இடமாக இருந்தும் வெள்ளையாகத்தான் தெரியும். டி2 வெளிச்சம் ஊடுருவி வருவது என்று இதைச் சொல்வார்கள். பக்கத்திலேயே ஏடிசி வரைபடத்தை வைத்துப் பாருங்கள்: டிஃப்யூஷனில் வெள்ளை, ஏடிசியில் கறுப்பு இரண்டும் சேர்ந்திருந்தால்தான் விரவல் உண்மையில் தடைபட்டிருக்கிறது. அதுவும் பக்கவாதத்தில் மட்டும் வருவதில்லை. சீழ்க்கட்டியிலும், செல்கள் நெருக்கமாக அடைந்த சில கட்டிகளிலும் இதே தோற்றம் வரும்.

எத்தனை திசையில எடுக்கணும்? ஆறு போதும்னு படிச்சேனே.

ஆறு என்பது இயற்கணிதத்தில் வரும் குறைந்தபட்சம். நரம்பிழைகள் கட்டுக்கட்டாக ஓடும் இடத்தில் நீர் அவற்றோடு சேர்ந்து எளிதாகவும் குறுக்கே கஷ்டப்பட்டும் அலையும். இந்தத் திசைச் சார்பை ஒரு நீள்வட்டக் கோளமாக எழுதுவதுதான் டென்சர், 1994இல் பாஸர், மாட்டியெல்லோ, லெ பியான் மூவரும் கொண்டுவந்தது. அந்தக் கோளத்தின் வடிவத்தையும் சாய்வையும் குறிக்க ஆறு எண்கள் வேண்டும், அதனால் ஆறு திசை, அதோடு ஒரு பி பூஜ்யப் படம்.

ஆனால் ஆறே ஆறு அளவீடு என்றால் இரைச்சலைச் சமன்செய்ய எதுவும் மிச்சமில்லை, தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக்கூட விடை மாறும். சுமார் 30 திசைகள் கோளம் முழுக்கச் சீராகப் பரவியிருந்தால் டென்சருக்கு நம்பகமாக வரும். அதைத் தாண்டிய மாடல்களுக்குத் திசையும் கூட வேண்டும், பியும் கூட வேண்டும்.

எஃப்ஏ குறைஞ்சிருக்குன்னா மையலின் போயிடுச்சுன்னு எழுதலாமா?

தயவுசெய்து எழுதாதீர்கள். எஃப்ஏ என்பது மேலே சொன்ன கோளம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதற்கு 0 முதல் 1 வரையிலான ஒரு எண், அவ்வளவே. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அலைந்தால் 0. அது குறைவதற்கு மையலின், அதாவது நரம்பிழையைச் சுற்றியுள்ள கொழுப்புறை, குறைவது ஒரு காரணமாக இருக்கலாம். நரம்பிழைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கலாம், விசிறி போல விரிந்திருக்கலாம், வீக்கத்தால் நீர் சேர்ந்திருக்கலாம், பக்கத்தில் இருக்கும் மூளைத் தண்டுவட நீர் வோக்ஸெலில் கலந்திருக்கலாம், ஸ்கேனில் இருந்தவர் தலையை அசைத்திருக்கலாம். அத்தனையும் ஒரே எண்ணில் வந்து விழுகிறது.

மையலின்தான் திசைச் சார்புக்குக் காரணம் என்ற எண்ணமே சரியில்லை. கார் என்ற மீனின் நுகர்வு நரம்பில் மையலின் கிடையாது, இருந்தும் அதில் விரவல் திசை சார்ந்தே இருப்பதை போலியூவும் ஆலனும் 1994இல் காட்டிவிட்டார்கள். வரிசையாக நிற்கும் சவ்வுகளே போதும், மையலின் அதைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். மையலினுக்குள் சிக்கியிருக்கும் நீரை இந்த ஸ்கேன் நேரடியாகப் பார்ப்பதும் இல்லை, அதன் டி2 மிகவும் குறுகியது, டிஃப்யூஷன் படம் சிக்னலைப் பிடிக்கும் நேரத்துக்குள் அது மறைந்துவிடும்.

இன்னொன்று, கேட்பவர்கள் பெரும்பாலும் அதிர்ச்சியாகும் விஷயம். இரண்டு நரம்புக் கட்டுகள் குறுக்கே வெட்டிப் போகும் இடத்தில் எஃப்ஏ இயல்பாகவே குறைவு. அதில் ஒரு கட்டு நோயால் அழிந்தால், மிஞ்சியது ஒரே திசைதான் என்பதால் எஃப்ஏ கூடும். நோய் முற்ற முற்ற எண் "நன்றாக" ஆகிறது! மூளையில் நரம்பிழைக் கட்டுகள் ஓடும் வெண்பொருளில் பாதிக்கும் மேற்பட்ட வோக்ஸெல்களில் இப்படிக் குறுக்குவெட்டு இருக்கிறது, ஆகவே இது அபூர்வமான விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

கலர் கலரா நரம்புப் பாதை வரைஞ்சு காட்டுறாங்களே, அதெல்லாம் நிஜ நரம்பா?

அந்தக் கோடுகள் கணினி போட்டவை. ஒவ்வொரு வோக்ஸெலிலும் நீர் எளிதாக அலையும் திசையைப் பிடித்து, அடுத்த வோக்ஸெலுக்கு அடி வைத்து, அங்கிருந்து மறுபடியும் என்று தொடர்ந்து போகும். பெரிய பாதைகளுக்கு இது அழகாக வேலை செய்கிறது, மூளை அறுவைச் சிகிச்சைக்குத் திட்டமிடவும் உதவுகிறது. சிக்கல் குறுக்குவெட்டில் வருகிறது. ஒரு வோக்ஸெலில் இரண்டு கட்டுகள் வெட்டிக்கொண்டு போகின்றனவா, தொட்டுவிட்டு வளைந்து பிரிகின்றனவா என்று அந்த ஒரு வோக்ஸெலின் சிக்னலை வைத்துச் சொல்ல முடியாது. விடை முன்பே தெரிந்த ஒரு மாதிரித் தரவைப் பல குழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை 2017இல் வெளியானது. உண்மையான கட்டுகளில் பெரும்பாலானவற்றைப் பெரும்பாலான குழுக்கள் கண்டுபிடித்தார்கள், கூடவே இல்லாத கட்டுகளையும் நிறைய வரைந்திருந்தார்கள்.

அதனால் கோடுகளின் எண்ணிக்கையை நரம்பிழைகளின் எண்ணிக்கை என்று எழுத வேண்டாம். எத்தனை கோடு வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்வதே நாம்தான்.

டென்சர் இருக்கும்போது குர்டோசிஸ் எதுக்கு?

டென்சரில் ஒரு அனுமானம் இருக்கிறது, எல்லா மூலக்கூறுகளின் அலைச்சலும் மணி வடிவப் பரவலில் அடங்கும் என்பது. சுவர்களும் பல வகை அறைகளும் உள்ள இடத்தில் அது பொய்த்துப்போகும், பி கூடும்போது சிக்னல் எதிர்பார்த்த கோட்டிலிருந்து விலகும். எவ்வளவு விலகுகிறது என்பதை அளப்பதுதான் குர்டோசிஸ், ஜென்சன் குழுவினர் 2005இல் முன்வைத்தது; பி 2000 வரையாவது எடுக்க வேண்டும். திசு எவ்வளவு கலவையானது என்று அது சொல்லும். ஏன் கலவை என்று சொல்லாது: சின்ன அறைகள் பல திசையில் திரும்பியிருப்பதாலா, இல்லை வேகமான இடமும் மெதுவான இடமும் கலந்திருப்பதாலா? வழக்கமான துடிப்புகளால் இதைப் பிரிக்க முடியாது. ஒரே அளவீட்டுக்குள் பல திசைகளையும் சேர்த்துக் குறியிடும் புதிய துடிப்பு வடிவங்கள் இதைப் பிரிப்பதற்காகவே வந்தவை.

நோடி மாதிரி மாடல் நேரடியா "நரம்பிழை அடர்த்தி"ன்னே எண் தருதே, அதை நம்பலாமா?

அந்த எண்ணின் பெயரை நம்புவதற்கு முன்னால் அதன் அனுமானங்களைப் படியுங்கள். 2012இல் வந்த நோடி (NODDI) என்ற திசு மாடல், நீரை மூன்றாகப் பிரிக்கிறது: நரம்பு இழைகளுக்குள், அவற்றுக்கு வெளியே, தடையே இல்லாத நீர். சாதாரண மருத்துவமனை ஸ்கேனரில் எடுக்கக் கூடிய தரவில் இத்தனையையும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கப் போதிய தகவல் இல்லை, அதனால் இழைக்குள் நீரின் குணகத்தை 1.7 என்று முன்கூட்டியே பூட்டிவிடுகிறது. எல்லா இடத்துக்கும், எல்லா வயதுக்கும், எல்லா நோய்க்கும் அதே 1.7.

பூட்டைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் கண்டது, ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறான இரண்டு விடைகள் அதே சிக்னலுக்குச் சம அளவில் பொருந்துகின்றன. என் கருத்து இது: குழுக்களை ஒப்பிட நோடி பயன்படும், டென்சர் காட்டாத வித்தியாசங்களைக் காட்டியும் இருக்கிறது. ஆனால் 0.6 என்று வந்தால் திசுவில் 60 சதவீதம் நரம்பிழை என்று வாசிக்காதீர்கள். பிழையே இல்லாமல் பொருந்துகிற மாடல்கூடத் தவறான மாடலாக இருக்கலாம்.

நரம்பிழையோட விட்டத்தையே அளக்கலாம்னு சொல்றாங்க, முடியுமா?

பெரியவற்றுக்கு முடியும். மூளையில் பெரும்பாலான நரம்பிழைகளின் விட்டம் 1 மைக்ரோமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. அவ்வளவு சின்னக் குழாய்க்குள் மூலக்கூறு குறுக்கே எங்கும் போக முடியாது, மில்லிநொடிக்குள் சுவரைப் பலமுறை தொட்டுவிடும். மருத்துவமனை ஸ்கேனர்களில் வழக்கமான மீட்டருக்கு 80 மில்லிடெஸ்லா வரையிலான கிரேடியன்ட்டில் அதனால் குறையும் சிக்னல் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது, இரைச்சலில் காணாமல் போய்விடும். 300 மில்லிடெஸ்லா கிரேடியன்ட் உள்ள ஆராய்ச்சி ஸ்கேனர்களில் ஓரளவு பெரிய இழைகள் பிடிபடும்.

இந்த விளைவு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. விட்டம் இரண்டு மடங்கானால் விளைவு 16 மடங்கு. எனவே ஒரு வோக்ஸெலுக்கு வரும் "சராசரி விட்டம்" உண்மையில் அங்கிருக்கும் சில தடித்த இழைகளின் குரல்தான், மெல்லியவை பேசவே இல்லை. நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தவர்களின் சராசரியோடு அதை ஒப்பிட்டு, ஏன் பெரிதாக வருகிறது என்று குழம்ப வேண்டாம்.

நுண்குழாய்ல ரத்தமும் நகருதே, அது கணக்கைக் கெடுக்காதா?

கெடுக்கும், ஆனால் பி குறைவான இடத்தில் மட்டும். நுண்குழாய்கள் கண்டபடி திரும்புவதால் அதில் போகும் ரத்தமும் வேகமான விரவல் மாதிரியே தெரியும்; திசு நீரைவிடப் பல மடங்கு வேகம் என்பதால் பி 200க்குள் அதன் சிக்னல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். லெ பியான் 1986இல் இதைக் காட்டி, இதையே ரத்த ஓட்டத்தை அளக்கும் வழியாகவும் முன்வைத்தார். கல்லீரல், சிறுநீரகம் மாதிரி ரத்தம் மிகுந்த உறுப்புகளில் பி பூஜ்யத்திலிருந்து தொடங்கி ஏடிசி கணக்கிட்டால் உள்ளதைவிடக் கூடுதலாக வரும். சின்னதாக ஒரு பி-மதிப்பிலிருந்து தொடங்குங்கள்.

ஒரே ஆளை வேற ஸ்கேனர்ல எடுத்தா எண் மாறுது, எதை நம்பறது?

முதலில் ஸ்கேனரையே சோதியுங்கள். உருகும் பனிக்கட்டியில் மூழ்கிய நீர்க்குழாய் எப்போதும் 0 டிகிரியில் இருக்கும், அதன் விரவல் குணகம் 1.1. எந்த ஸ்கேனரில் வைத்தாலும் இந்த எண் வர வேண்டும். வெப்பநிலை முக்கியம், சாதாரண அறையில் வைத்த நீரை வைத்து ஒப்பிட்டால் டிகிரிக்கு டிகிரி மாறும். காந்தத்தின் நடுவில் 1.1 வந்து ஓரத்தில் வேறு வந்தால் கிரேடியன்ட் ஓரங்களில் சீராக இல்லை என்று அர்த்தம். இதில் தேறிய பிறகும் மனிதர்களில் எண்கள் வேறுபட்டால், பி, திசைகள், துடிப்பு நேரங்கள், வோக்ஸெல் அளவு எல்லாம் ஒன்றுதானா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

முதல் தடவையா தரவைக் கையில எடுக்கப் போறேன், எதை முதல்ல பார்க்கணும்?

எந்த மாடலையும் ஓட்டும் முன் ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பாருங்கள். எல்லாத் திசைகளையும் சினிமா மாதிரி ஓட்டிப் பார்த்தால் தலை அசைந்த படமும் கறுப்புப் பட்டை விழுந்த படமும் உடனே தெரியும். அப்புறம் இரைச்சல் நீக்கம். அதை மற்ற திருத்தங்களுக்கு முன்னால்தான் செய்ய வேண்டும், பிறகு செய்தால் இரைச்சலின் இயல்பே மாறியிருக்கும். வேகப் படமெடுப்பால் நெற்றிப் பக்கமும் காதுப் பக்கமும் படம் இழுபட்டிருக்கும், எதிர்த் திசையில் ஒரு பி பூஜ்யப் படம் எடுத்திருந்தால் அதைச் சரிசெய்யலாம், அது ஒரு நிமிடக் கூடுதல் வேலைதான், எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தலை அசைவைத் திருத்தும்போது திசைப் பட்டியலையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும்.

கடைசியாக, திசைப் பட்டியலில் ஏதாவது ஒரு அச்சின் கூட்டல்-கழித்தல் குறி தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை எனக்கு வந்த தரவில் அப்படித்தான் இருந்தது, எஃப்ஏ வரைபடம் குறையே இல்லாமல் வந்ததால் நானும் கவனிக்காமல் இரண்டு வாரம் பாதைகள் வரைந்துகொண்டிருந்தேன். குறி மாறினால் எஃப்ஏ மாறாது, திசை மட்டும்தான் மாறும். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தில் திசைக் கோடுகளைப் போட்டுப் பாருங்கள்: நடுவில் இடவலமாக ஓடி, முன்பக்கம் கொம்பு மாதிரி வளைந்து போகிற வெண்பொருளோடு கோடுகளும் சேர்ந்து வளைய வேண்டும். வளைவுக்குக் குறுக்கே நின்றால் பட்டியலைத் திருத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.